மண் ஏறிய காலம்

"பற்றிக் அண்ணாச்சி மண்ணு இன்னைக்கும் ஏறிட்டு, அக்கா" என்று மாரிசாமி சொன்னபோது விக்ரோறியா விறைத்த விரல்களால் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவுஸ்திரேலியப் பங்குச் சந்தை காலையில் திறக்கிற நேரமும் கடலுக்கு இந்தப் பக்கம் அந்தத் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற நேரமும் ஒன்றாக இருந்தன. அதனால் அந்த வருடம் சாப்பாட்டறையில் பாதிப்பேர் சோற்றுப் பெட்டியைத் திறக்க முதல் போனைத் திறந்தார்கள்.

ஈஸ்ட் டாமாக்கியில், லொறிகள் வரிசைகட்டி நிற்கிற ஒரு தெருவின் முடிவில் இருந்தது தொழிற்சாலை. சூப்பர்மார்க்கெற்றுகளுக்குச் சலாட் இலை வெட்டி, கழுவி, பைகளில் அடைத்து அனுப்புகிற இடம். வெளியே கோடையோ மாரியோ, உள்ளே எப்போதும் குளிர்பெட்டிக்குள் நிற்கிற மாதிரித்தான். வெள்ளைப் பூட்ஸ், தலைக்கு வலை, கைக்கு இரண்டு சோடி உறை. விக்ரோறியாவின் வேலை, ஓடுகிற பட்டியில் வருகிற இலைக்கோசைத் தூக்கிக் குருத்தடியை ஒரே வெட்டாய்க் குடைந்தெடுத்து மற்றப் பட்டிக்குத் தள்ளுவது. மாரிசாமி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கழுவுகிற தொட்டிகளைப் பார்ப்பவன். அவனுடைய கை எப்போதும் குளோரின் மணக்கும்.

"ஏன்க்கா இன்னும் இந்தக் குளிருக்குள்ள வந்து கோசு வெட்டுதிய? நாலு மடங்காயிட்டு. அண்ணாச்சிய ஒரு பங்கு விக்கச் சொன்னா உக்காந்து சாப்பிடலாமே."

"அவர் ஆறுதலா விப்பார் தம்பி" என்றாள் விக்ரோறியா. சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகவில்லை.

நாலு மடங்கு என்பது அவளுக்குப் புதிய செய்தி.

அந்தக் காசின் கதை இதுதான். பக்குரங்காவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சொந்த வீட்டுக்கு முற்பணம் கட்டவென்று அவளும் புருசன் பற்றிக்கும் வருடக்கணக்காய்ச் சேர்த்தது. அவளுடைய ஓவர்டைம் அதற்குள் இருந்தது. பற்றிக் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்குகிற போர்க்லிப்ற் வண்டி ஓடுகிறவன். அங்கே மதியச் சாப்பாட்டு வேளையில் யாரோ சொன்ன கதையைக் கேட்டுவிட்டு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு விளங்கப்படுத்தினான். மின்சாரக் காருக்குள்ளும் காற்றாடிக்குள்ளும் போர் விமானத்துக்குள்ளும் இருக்கிற காந்தத்துக்கு ஒரு அரிய மண் வேண்டும். அந்த மண் முழுக்கச் சீனாக்காரன் கையில். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஆளில்லாத செம்பொட்டலில் ஒரு சின்னக் கம்பனி அதே மண்ணைக் கிண்டப்போகிறது. பங்கு இப்போது மலிவு.

"எல்லாத்தையும் போடேல்லை. பாதிதான்" என்றான். அவள் ஓம் என்றாள். பங்குக் கணக்குப் பற்றிக்கின் பேரில் திறக்கப்பட்டது.

வாங்கிய பிறகு மண்ணின் விலை இறங்கியது. இறங்கி இறங்கி ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தது. அந்தக் காலத்தில் அவள் அதைப்பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். புண்ணைத் தொட்டுப் பார்ப்பானேன் என்று. பிறகு இந்த வருடம் சித்திரையில் சீனா மண்ணை வெளியே விடக் கட்டுப்பாடு போட்டது. ஏறத் தொடங்கியது. மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கிற நேரம் ஆம்பிளைகள் பற்றிக்கைச் சுற்றி நின்றார்கள். 'மன்னாரான் மண்ணிலை கைவைச்சாலும் பொன்தான்' என்று யாழ்ப்பாணத்து ஆட்கள் பகிடி விட்டார்கள். ஏறுகிறது என்று அவளுக்கும் தெரியும். எவ்வளவு என்று அவன் வீட்டில் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தது பெண்சாதிக்குத் தெரியவில்லை. அதுதான் அவளை அரித்தது.

அன்று வேலை முடிந்து அவன் காரில் வந்து ஏற்றினான். ஆவணி மழை கண்ணாடியில் அறைந்தது.

"மண் என்ன மாதிரியப்பா?"

"நிக்குது."

"நாலு மடங்காம். மாரிசாமி சொல்லுறான்."

"அவனுக்கென்ன, சொல்லுவான்." வைப்பரைக் கூட்டிவிட்டான். "வித்தால்தானே அது காசு. மற்றும்படி கண்ணாடிக்குள்ளை தெரியிற இலக்கம்."

"அப்ப வியுங்கோவன்."

"பாப்பம்" என்றான் பற்றிக். 

அதற்குப் பிறகு விக்ரோறியா அவனைப் பார்க்கத் தொடங்கினாள். இருபது வருடம் ஒன்றாய்க் கிடந்த மனிசனை முதல்முறையாகக் கூர்ந்து பார்த்தாள். அவன் போனை மேசையில் குப்புற வைத்தான். அழைப்பு வந்தால் உடுப்புக் காயப்போடுகிற கொட்டிலுக்குள் போய்நின்று கதைத்தான். சனி ஞாயிறுகளில் மேலதிக வேலைக்குப் போனான். கையில் இவ்வளவு காசு இருக்கிறவன் ஏன் சனிக்கிழமை பெட்டி ஏற்றப் போகிறான்? போகிற இடம் வேலைதானா? ஒரு சனிக்கிழமை, மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கிற சாட்டில் அவள் களஞ்சியசாலைக்கே போய்ப் பார்த்தாள். போர்க்லிப்றில்தான் இருந்தான், மஞ்சள் மேலங்கியோடு. சாப்பாட்டை வாங்கியபோது அவன் முகத்தில் இருந்தது குற்றமா களைப்பா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

மன்னார்ப் பேசாலையில் அவனுடைய தமையன் வீட்டுக்குப் புதிதாய் ஓடு போட்டிருந்ததை முகநூலில் பார்த்தாள். அந்தத் தமையன் படகெல்லாம் இழந்து நொந்துபோனவர். அவருக்கு எங்கிருந்து ஓடு?

"பெரியண்ணை வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறார்போலை" என்றாள், புட்டுக்கு மாக் குழைத்தபடி.

"ஓம், பாத்தனான்."

"ஆர் குடுத்ததாம்?"

"எனக்கென்ன தெரியும். மகன் கட்டாரிலை நிக்கிறான்தானே."

அதுவும் உண்மைதான், தமையனின் மகன் கட்டாரில்தான். உண்மையாய் இருப்பதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மகள் அனோஜாவைக் கூப்பிட்டு, அப்பாவின் கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிற அனோஜா, மற்றவருடைய கணக்கைத் திறப்பது சரியில்லை, அப்பாவிடமே கேளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கம்பனியின் விலை ஏறிய கோட்டை மட்டும் போனில் காட்டினாள். நீளத்துக்குத் தரையோடு கிடந்த கோடு, சித்திரைக்குப் பிறகு சுவரில் ஏறுகிற பல்லி மாதிரி நிமிர்ந்து நின்றது.

 காலையில் ஜன்னல் கண்ணாடிகளில் ஊறி வழிகிற ஈரத்தைப் பழந்துணியால் துடைத்துப் பிழிகிறபோதெல்லாம், மூலைகளில் கறுத்துப் படர்கிற பூஞ்சணத்தைச் சுரண்டுகிறபோதெல்லாம், அந்தக் கோடு விக்ரோறியாவின் கண்ணுக்குள் நின்றது. ஒரு நல்ல, ஈரமில்லாத வீடு அந்தக் கோட்டுக்குள் இருந்தது. இந்த மனிசன் அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறான்.

புரட்டாதியில் ஒரு ஞாயிறு, அவளுடைய தம்பி அன்றூ மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டான். அன்றூ கூரியர் வான் ஓடுகிறவன். தகனினியில், கூரைகள் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி நெருக்கிக் கட்டிய புது வீடுகளில் ஒன்றை வாங்கி, மோட்கேஜ் கடன் கட்டிக்கொண்டிருந்தான். மனைவி கம்சாயினி கைக்குழந்தையோடு வேலைக்குப் போகாமல் நின்ற நேரம் அது. இருந்தும் பெரிய காவாய் மீன் ஒன்று வாங்கி, மன்னார்ப் பக்கத்துப் புளிக்குழம்பாய் வைத்திருந்தாள். சில்வர்பீட் கீரை வறை, சொதி, பொரித்த மிளகாய்.

"மச்சாள், உறைப்புக் காணுமோ?"

"நல்லாயிருக்கு. நீர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை எண்டு சொல்லேலாது" என்றாள் விக்ரோறியா.

அன்றூ கையை நக்கிவிட்டுப் பற்றிக் பக்கம் திரும்பினான். "அத்தான், ஒரு விசயம் கேக்கோணும். நானும் மண்ணிலை கொஞ்சம் போடுவம் எண்டு பாக்கிறன்."

பற்றிக் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். "உனக்கேன் இப்ப?"

"வட்டி கூடிப்போச்சு. இவளும் வேலைக்குப் போகேல்லை. வீட்டின்ரை மேலை கொஞ்சம் கடன் எடுத்துப் போட்டால், ஆறு மாசத்திலை எடுத்திடலாம்தானே."

"வீட்டிலை எடுத்தெல்லாம் போடாதை."

"உங்கடை வீட்டுக் காசைத்தானே நீங்களும் போட்டனீங்கள்" என்றான் அன்றூ. பிழையாய்ச் சொல்லவில்லை, பெருமையாய்த்தான் சொன்னான். "எல்லாரும் பயந்து நிக்கேக்கை நீங்கள் ஒராள்தான் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். கோயிலிலை எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

பற்றிக்கின் முகத்தில் ஒரு நிறம் வந்து போனது. விக்ரோறியா பார்த்தாள்.

"நேரா ஒண்டு சொல்லுங்கோ" என்றான் அன்றூ. "இந்த விலையிலை நீங்கள் விப்பீங்களோ?"

"ஏறுற நேரம் விக்க ஆருக்கும் விசரே."

"அப்ப இன்னும் ஏறும்."

"எனக்கென்ன சாத்திரமே தெரியும்? ஏறினாலும் ஏறும்."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பற்றிக் முள்ளெடுத்த மீனைச் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வெள்ளையாய் ஒதுக்கிவைத்துவிட்டு, சொதியை ஊற்றிச் சோற்றை விழுங்கினான். மீன் என்றால் தலைவரைக்கும் உறிஞ்சுகிறவன். இவனுக்குத் தம்பி வாங்குவது பிடிக்கவில்லை, தன்னோடு இன்னொருத்தன் ஏறுவது பொறுக்கவில்லை என்று அவள் நினைத்தாள். அந்த நினைப்பை வைத்துக்கொண்டே வீடு வந்தாள். அடுத்த கிழமை அன்றூ வாங்கிவிட்டான். வாங்கிய அன்றே மண் இன்னும் ஒரு படி ஏற, அவன் போன் எடுத்து அக்காவுக்குச் சொல்லிச் சிரித்தான்.

இனிப் பொறுக்க ஏலாது என்று அவள் முடிவெடுத்தது ஐப்பசி தொடக்கத்தில். மழை விட்டு, காற்று மட்டும் மரங்களைப் பிடித்து உலுப்புகிற காலம். பக்குரங்காப் பிளாசாவுக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு வீடு விற்பனைக்கு வந்து, சனிக்கிழமை பார்வைக்குத் திறந்து வைத்திருந்தார்கள். மரக்கறி வாங்கப் போவோம் என்று பற்றிக்கைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொன்னாள்.

"இதென்னப்பா?"

"சும்மா பாப்பம். பாக்கக் காசோ."

முகவர்ப் பெண் கைகொடுத்துச் சிரித்தாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். வடக்கே பார்த்த ஹோல். வெயில் கம்பளத்தில் கிடந்தது. விக்ரோறியா ஒவ்வொரு ஜன்னலாய்ப் போய்ச் சட்டத்தை விரலால் தடவினாள். காய்ந்திருந்தது. குசினி அலுமாரிகளைத் திறந்து மூடினாள். முகவர்ப் பெண் இவர்கள் வாங்குகிற ஆட்கள் என்று கண்டுகொண்டு கூடவே வந்தாள். பற்றிக்கைக் காணவில்லை. தேடிப்போனபோது அவன் கராஜுக்குள், சுடுதண்ணீர்ச் சிலிண்டருக்கு முன்னால், அதில் ஏதோ எழுதியிருப்பதை வாசிக்கிறவன்போல நின்றான்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?"

"நல்ல வீடு."

"அப்ப எப்ப விக்கப்போறீங்கள்?"

அவன் திரும்பவில்லை. "கார் வழிய வாரும், கதைப்பம்" என்றான்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகும் சாவியைப் போடாமல் இருந்தான். அவள் தயாராக இருந்தாள். தமையனுக்கு அனுப்பினேன் என்று சொல்லப்போகிறான். அல்லது அவளுக்குப் பெயர் தெரியாத யாருக்கோ. எதைச் சொன்னாலும் என்ன பதில் என்று ஒரு மாதமாய் மனத்தில் உருப்போட்டு வைத்திருந்தாள்.

"மண் என்னட்டை இல்லை" என்றான் பற்றிக்.

"ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. வித்திட்டன்."

"எப்ப?"

"மாசியிலை."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. மாசி என்றால் சித்திரைக்கு முதல். கோடு நிமிர முதல்.

"வேலையிலை ஆக்களைக் குறைக்கப்போயினம் எண்டு கதை வந்தது" என்றான், ஸ்டியரிங்கைப் பார்த்து. "அதுவும் ஒவ்வொரு நாளும் இறங்கிக்கொண்டு கிடந்தது. கம்பனி மூடினால் முழுக்கப் போயிடும் எண்டு பயந்திட்டன். பயந்துதான் வித்தனான். பாதிகூடத் திரும்பி வரேல்லை. வந்தது பாங்கிலை அப்பிடியே கிடக்கு, நான் தொடேல்லை. உமக்குச் சொல்லுவம் எண்டு இருக்கேக்கை அது ஏறத் துவங்கீட்டுது. பேந்து எப்பிடிச் சொல்லுறது? குறைஞ்சதை உழைச்சுப் போட்டிட்டுச் சொல்லுவம் எண்டுதான் சனி ஞாயிறு போனனான்."

அந்த வீட்டிலிருந்து இன்னொரு சோடி, குழந்தைத் தள்ளுவண்டியோடு, சிரித்துக் கதைத்துக்கொண்டு வெளியே வந்தது. விக்ரோறியா அவர்களைப் பார்த்தபடி இருந்தாள். இவ்வளவு நாளும் இவன் ஒளித்துவைத்தது பணத்தை என்று நினைத்திருந்தாள். ஒளிப்பதற்கு இவனிடம் ஒன்றுமே இருக்கவில்லை. அந்த ஒன்றுமில்லாததைத்தான் ஒளித்திருக்கிறான்.  அவன்மேல் பாவம் வந்தது. களஞ்சியசாலைக்கு உளவு பார்க்கச் சோற்றுப் பெட்டியோடு போனது நினைவுக்கு வந்து வெட்கமும் வந்தது. அதற்குப் பின்னால்தான் மற்றது வந்தது.

"அன்றூ வாங்கீட்டான்" என்றாள்.

"நான் வாங்கு எண்டு சொல்லேல்லை."

"விக்க விசரோ எண்டு சொன்னீங்கள்."

"ஓம், விசரன்தானே வித்தவன். அதிலை என்ன பொய்?"

"அவனுக்குச் சொல்லோணும்."

"சொல்லுவம்." முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். "இப்ப ஏறிக்கொண்டுதானே இருக்குது. அவன் நல்ல லாபத்திலை நிக்கிறான். எடுத்துக்கொண்டு வெளியிலை வரட்டும், பேந்து எல்லாரும் சிரிச்சுக் கதைக்கிற கதையாப் போயிடும். இப்ப சொன்னால் கோயில் முழுக்க என்னைப் பாத்துச் சிரிக்கும். விக்கி, ரெண்டு கிழமை."

அவள் அன்றூவுக்குச் சொல்லாமலே விட்டாள். அவனுக்காக என்று மட்டும் அவள் பேசாமல் இருந்தாளென்றால் அது முழு உண்மையாகாது. சாப்பாட்டறையில் ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரையை இப்போது அவளுக்கென்று விட்டுவைக்கிறார்கள். மேற்பார்வைக்காரிகூட அவளிடம் குரலைத் தாழ்த்திக் கதைக்கிறாள். அது போய்விடும் என்பதும் அவளுக்கு உறைத்தது.

மாத முடிவில் மண் விழுந்தது. பெரிய நாடுகள் தங்களுக்குள் கைகுலுக்கி, சீனாவின் கட்டுப்பாடு தளர்ந்ததால் எல்லா மண் கம்பனிகளும் இறங்கின. இந்தக் கம்பனி அதோடு நிற்கவில்லை. முதலில் பங்கு வாங்கல் விற்றலை நிறுத்தி வைத்தார்கள். பிறகு கிண்டிய மண்ணில் எதிர்பார்த்த சரக்கு இல்லையென்று அறிவித்தார்கள். திரும்பத் திறந்தபோது விலை தரையில் கிடந்தது. அன்று மத்தியானம் சாப்பாட்டறையில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

மாரிசாமி அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தான். "அக்கா, ஒண்ணு சொல்லணும். நான் போன வாரமே வித்துட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல. அண்ணாச்சி புடிச்சிட்டு இருக்கும்போது நான் வித்தேன்னு எப்படிச் சொல்லுதது?"

"அதுக்கென்ன தம்பி."

"அண்ணாச்சிக்கு முழுசும் போயிட்டோ?"

அவன் கண்ணில் உண்மையான கவலை இருந்தது. விக்ரோறியா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தாள். அதை அவன் ஓமென்று எடுத்துக்கொண்டு, தன் பெட்டியிலிருந்த அவித்த முட்டையை அவள் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பின்னேரம் அன்றூவும் கம்சாயினியும் வந்தார்கள். செத்தவீட்டுக்கு வருகிற மாதிரி, பெரிய சட்டியில் இடியப்பமும் சொதியும் காவிக்கொண்டு. அன்றூ சவரம் செய்திருக்கவில்லை. பற்றிக்குக்குப் பக்கத்தில் சோபாவில் இருந்து, அவன் தொடையில் கையை வைத்தான்.

"அத்தான், நான் போட்டது இப்ப ஒரு மாசம்தான். நீங்கள் ரெண்டு வருசமாக் காத்துக்கொண்டு இருந்தனீங்கள். உங்களை நினைக்கத்தான் எனக்கு..." முடிக்கவில்லை. "மோட்கேஜ் எப்பிடியும் கட்டுவம். நான் இரவு ஓட்டமும் எடுக்கிறன். நீங்கள் மனசை விடாதேங்கோ."

பற்றிக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.  கம்சாயினி விக்ரோறியாவின் கையைப் பிடித்தாள். "மச்சாள், உங்கடை வீடும் போச்சே" என்று கண் கலங்கினாள். மடியில் குழந்தை விக்ரோறியாவின் வளையலைப் பிடித்து இழுத்தது.

இனி ஒரு விநாடி இந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தான் மனுசி இல்லை என்று விக்ரோறியாவுக்குத் தோன்றியது.

"அன்றூ, அத்தானிட்டை மண் இருக்கேல்லை" என்றாள். "மாசியிலையே வித்திட்டார். நட்டத்துக்கு."

 அன்றூ கையை எடுக்காமலே, "மாசியிலையோ?" என்றான். "அப்ப ஏற முதலோ?"

"ஓம்" என்றான் பற்றிக்.

அன்றூவின் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வரப்பார்த்தது. பிறகுதான் கையை எடுத்தான். "எங்கடை வீட்டிலை சாப்பிடேக்கை?"

"அப்பவும் இல்லை."

"கையிலை ஒண்டும் இல்லாமலோ இருந்து கதைச்சனீங்கள்."

"உன்னை வீட்டிலை எடுத்துப் போடாதை எண்டு சொன்னனான் அன்றூ."

"ஒரு சொல்லு, நான் வித்திட்டன் எண்டு சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்க மாட்டன்." குரல் உயரவில்லை. "உங்களை வைச்சுத்தானே வாங்கினனான்."

கம்சாயினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். "மாசியிலை வித்ததெண்டு நாங்கள் என்னெண்டு நம்புறது? போன மாசம் உச்சியிலை வித்துப்போட்டு, இப்ப எங்களைப் பாத்துப் பயத்திலை சொல்லுறீங்களோ தெரியாது. வீடு பாக்கப் போனனீங்களாம். கோயில் சனம் கண்டிருக்கு."

"ஐயோ, இல்லையம்மா" என்று பற்றிக் போனைத் தேடி எடுத்தான். இரகசிய இலக்கத்தை இரண்டு தரம் பிழையாய் அழுத்தினான். "இஞ்சை பார் அன்றூ. வித்த திகதி கிடக்கு, பார்."

நீட்டிய போனை அன்றூ பார்க்கவில்லை. "வேண்டாம் அத்தான்."

"ஒருக்காப் பார்."

"பாத்தால் நம்பவேண்டி வரும்" என்றான் அன்றூ. "நீங்கள் கள்ளவேலை செய்து உச்சியிலை வித்தனீங்கள் எண்டால் எனக்கு விளங்கும். காசுக்குச் செய்தது எண்டு விட்டிடுவன். சும்மா பெரியாளாய் இருக்கிறதுக்காக என்னை விழுத்தினது எண்டால், அதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

சட்டியை விட்டுவிட்டே போனார்கள். வாசலில் வைத்து விக்ரோறியா தம்பியின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டான். அவள் சொன்னாள். மூன்று கிழமை. அவன் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினான். அந்த மூன்று கிழமைக்குள் விற்றிருந்தால் அவன் லாபத்தோடு வெளியே வந்திருப்பான். அதை அவன் சொல்லவில்லை. சொல்லாமல் போனதுதான் அவளைக் கொன்றது.

பாங்கில் கிடந்ததில் ஒரு பகுதியை அன்றூவின் கணக்குக்குப் போட்டார்கள். அன்றே திருப்பி அனுப்பிவிட்டான். போன் எடுத்தால் கம்சாயினி எடுத்து, 'அவர் ஓட்டத்திலை நிக்கிறார்' என்றாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் மேசைக்கு முன்னால் பற்றிக் நின்றான். பக்கத்தில் வந்து தோளைத் தட்டி, "எல்லாம் போச்சாமே, கேள்விப்பட்டு மனவருத்தமாப் போச்சு" என்றார் றொய்ஸ்டன், கோயிற்சபைத் தலைவர். அவரும் கொஞ்சம் இழந்தவர்.

பற்றிக் கோப்பையைக் கீழே வைத்தான். 

"என்ரை போகேல்லை அண்ணை" என்றான், நாலுபேருக்குக் கேட்க. "நான் மாசியிலையே வித்திட்டன். பயத்திலை, பாதி விலைக்கு. இவ்வளவு நாளும் வைச்சிருக்கிற மாதிரி உங்களோடை நிண்டு கதைச்சது பொய்."

 ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தார். பிறகு றொய்ஸ்டன் மெல்லச் சிரித்தார். "மாசியிலையோ" என்றார். "ஓமோம். கெட்டிக்காரன்."

"உண்மையா அண்ணை."

"நாங்கள் என்ன, பொலிஸே? வித்தது வித்ததுதானே" என்று இன்னொருத்தர் கண்ணைச் சிமிட்டினார். "எங்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் எண்டதுதான்."

அவர்கள் கோபப்படவில்லை. அவனைத் திட்டவுமில்லை. உச்சியில் விற்றுவிட்டு ஊரை ஏமாற்றிய மனிதனாய் அவனைப் பார்த்த பார்வையில் ஒருவகை மதிப்புக்கூட இருந்தது. பற்றிக் திரும்பத் திரும்ப மாசி என்றான். சொல்லச் சொல்ல அவர்களுடைய சிரிப்புக் கூடியது. விக்ரோறியா ஏதாவது சொல்ல முன்னால் வந்தாள். அவள் பெண்சாதி, அவளை ஆர் நம்பப்போகிறார்கள் என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது.

"மாசியிலைதான் வித்தவர்."

அன்றூ. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பால் எடுக்க வந்தவன் மேசையின் மற்றப் பக்கத்தில் நின்றான். பற்றிக்கைப் பார்க்கவில்லை, றொய்ஸ்டனைத்தான் பார்த்தான். "நட்டத்துக்கு வித்தவர். எனக்குத் தெரியும்."

"நீ கண்டனியோ?" என்றார் றொய்ஸ்டன்.

"ஓம், கண்டனான்" என்றான் அன்றூ.

சிரிப்பு நின்றது. எல்லாரையும்விடக் கூட இழந்தவன் அவன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் தேத்தண்ணீரை ஊதினார், இன்னொருத்தர் மழை வரும்போல் இருக்கிறது என்றார். பற்றிக் "அன்றூ" என்று தொடங்க, அவன் பாற்போத்தலை வாங்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டான்.

விக்ரோறியா பின்னால் போனாள். கார் தரிப்பிடத்தில் அவன் கதவைத் திறந்து, திமிறுகிற குழந்தையை இருக்கையில் இருத்தி, பட்டியை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை காலை உதைத்து ஒரு சப்பாத்தைத் தார்த்தரையில் விழுத்தியது. அவள் அதை எடுத்து, மற்றப் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே எட்டி அந்தக் காலைப் பிடித்தாள்.

"ஏன்ரா பொய் சொன்னனீ? நீ அந்தத் திகதியைக் காணேல்லைத்தானே" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

பட்டி மாட்டுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்காக இல்லை அக்கா" என்றான். "அவையள் சிரிச்சது எனக்குப் பிடிக்கேல்லை."

அவள் சப்பாத்தைப் போட்டு முடித்தாள். குழந்தை மறுபடி உதைத்துக் கழற்றியது. அவள் மறுபடி போட்டாள். அன்றூ காரில் ஏறி இருந்தான், ஆனால் அவள் கையை எடுக்கும்வரை வண்டியை எடுக்கவில்லை.